பொய் சொல்லாத பொய்க் கர்ப்பம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் மகளிர் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சகோதரி என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "சிஸ்டர், கர்ப்பமே இல்லாமல் ஒரு பெண்ணுக்கு வயிறு பெரிதாகுமா? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகிவிட்டது. நாடகம் ஆடினாள் என்று ஊரே பேசுகிறது."

முப்பத்தைந்து ஆண்டுகள் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "ஆகும். அந்தப் பெண் நாடகம் ஆடவில்லை" என்று அவருக்குப் பதில் சொன்னேன். ஆனால் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. பக்கத்தில் நின்ற நம் ஆசிரியர், "அதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார். எழுத உட்கார்ந்ததும் எனக்கு வார்டு ஞாபகம் வரவில்லை. என் பதினாலு வயதில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் குடித்தனத்தில் இருந்த ஒரு அக்காவின் முகம்தான் வந்தது.

தருமபுரி அக்கா

நான் பிறந்து வளர்ந்தது பிரேசர் டவுன். 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய பிறகு, நெரிசலான கண்டோன்மென்ட் தெருக்களுக்கு மாற்றாகக் காற்றோட்டமான ஒரு புதுப் பேட்டை வேண்டும் என்று திட்டமிட்டு 1910-இல் உருவாக்கிய இடம் அது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். பின்னால் புலிகேசி நகர் என்று பெயர் மாறினாலும் ஆட்டோக்காரரிடம் இன்றும் நாம் பிரேசர் டவுன் என்றுதான் சொல்கிறோம்.

கோல்ஸ் பார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் வீடு. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள். கன்னடத்தில் இதை 'வட்டார' என்பார்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் நாங்கள். எதிரில் ஒரு பாய் வீடு, பின்னால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவோம். ஒரு வீட்டுச் செய்தி ஆறு வீட்டுச் செய்தி.

அந்த அக்காவைத் தருமபுரி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. குழாயடியில் குடத்தை வைக்கும்போதே யாராவது ஒருவர், "என்ன கண்ணு, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அது குசலம். மாதம் முப்பது நாளும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அக்கா. ஆடி கிருத்திகைக்கு விரதம் இருப்பார்; செப்டம்பர் 8-ஆம் தேதி சிவாஜி நகர் மாதா கோயில் தேருக்கும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்.

1979-ஆம் வருஷம் அவருக்கு நாள் தள்ளிப் போயிற்று. காலையில் வாந்தி, சாம்பார் வாசனையே ஆகவில்லை. மாங்காய்க்கு ஆசைப்பட்டார் என்று அவர் வீட்டுக்காரர் ரஸல் மார்க்கெட்டெல்லாம் சுற்றி வாங்கி வந்தார். வட்டாரமே, அவர் முழுகாமல் இருக்கிறார் என்று கொண்டாடியது. அதுவரை மூலையில் உட்கார வைக்கப்பட்டவரைக் கூடத்து நடுவில் மனை போட்டு உட்கார வைத்தார்கள். மாதங்கள் போகப் போக வயிறு மேடிட்டது. "அசையுது அத்தை, இங்க தொட்டுப் பாருங்க" என்று என் அம்மாவின் கையை எடுத்து வயிற்றில் வைப்பார். அம்மாவும், "ஆமாம் கண்ணு, உதைக்கிறான்" என்பார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. இரண்டு கை நிறையப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். ஐந்து வகைச் சாதம். எங்கள் பக்கத்தில் அந்த வளையல்களைப் பிரசவம் வரை கழற்றுவதில்லை. பிள்ளை பிறந்ததும் பிரசவம் பார்த்தவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம்.

பத்தாம் மாதத்தில் ஒரு ராத்திரி இடுப்பு வலி எடுத்தது. ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட என் அம்மாவும் போனார். விடிவதற்குள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். "வயிற்றில் ஒன்றுமே இல்லை. எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்" என்று வராந்தாவில் பத்துப் பேர் நடுவில் சொன்னார்களாம்.

அக்கா கை நிறைய வளையலோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "எங்க எல்லாரையும் ஏமாத்திட்டாளே" என்று அழுதார். கிழவி ஒருத்தி, ராத்திரி முனி வந்து கருவைக் கொண்டுபோய்விட்டது என்றாள். அந்த வளையல்களை யார் கழற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் என் அம்மாதான் சோப்பு நீரில் அவர் கையை நனைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நாலைந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து அவருக்குக் 'காத்து வயிறு' என்று பட்டப் பெயர் வைத்தோம். ஒரு நாள் அந்தப் பெயரை நான் சொல்லும்போது அவர் குடத்தோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். இரண்டு மாதத்தில் அவரைத் தருமபுரிக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரவேயில்லை.

சரகர் கேட்ட கேள்வி

முனி கொண்டுபோனது என்ற பேச்சு அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய சரக சம்ஹிதையிலேயே இதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. உடற்கூறு பற்றிய பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் சரகர் சொல்வதன் சாரம் இது: சில பெண்களுக்கு வாயுவால் உதிரம் தடைப்பட்டு, பார்ப்பதற்குக் கர்ப்பம் போலவே தோன்றும். விவரம் அறியாதவர்கள் கர்ப்பம் என்றே எண்ணிவிடுவார்கள். பிறகு உதிரம் வெளிப்பட்டு, கரு காணப்படாதபோது பூதம் கொண்டுபோய்விட்டது என்பார்கள்.

அதற்குச் சரகர் கேட்கும் கேள்விதான் அழகு. இரவில் திரியும் பூதங்கள் உடலின் ஓஜஸை உண்பவை என்கிறீர்கள். அவற்றுக்கு உடலால் ஆவதொன்றுமில்லை. உள்ளே புக வழி கிடைத்திருந்தால் தாயின் ஓஜஸை மட்டும் விட்டுவைத்திருக்குமா என்கிறார். பூதத்தை நம்பியவர்களை அவர்கள் வழியிலேயே போய் மடக்குகிறார்.

வயிற்றில் கட்டி போலத் திரண்டு கர்ப்பம் போல் காட்டும் இந்த நிலைக்கு ரத்த குல்மம் என்று பெயர் வைத்து, பத்தாம் மாதம் கடந்த பிறகே அதற்கு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே நிஜமாகவே குழந்தை இருந்துவிட்டால் அதற்குத் தீங்கு வரக்கூடாதே என்ற கவலைதான் காரணம். ஸ்கேன் இல்லாத காலத்து எச்சரிக்கை அது. ரத்த குல்மம் என்று அவர்கள் சொன்னதெல்லாம் இன்றைய பொய்க் கர்ப்பம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் கர்ப்பப்பைக் கட்டிகளும் சேர்ந்திருக்கலாம். ஆனால் வயிறு வளர்ந்தும் பிள்ளை இல்லாத பெண்ணைப் பொய்க்காரி என்று அவர்கள் விரட்டவில்லை. நோயாளியாகப் பார்த்தார்கள்.

கிரேக்க நாட்டில் மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிரட்டீசும் இப்படிப் பன்னிரண்டு பெண்களைப் பற்றிக் குறித்து வைத்ததாக மருத்துவ நூல்கள் கூறும். 1823-இல் ஜான் மேசன் குட் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு 'சூடோசையசிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் பொய், கர்ப்பம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நாம் பொய்க் கர்ப்பம் என்கிறோம்.

உடம்பு எப்படி ஏமாறுகிறது?

இதில் மிக முக்கியமான ஒன்றை முதலில் சொல்கிறேன். இந்தப் பெண்ணின் அறிகுறிகள் கற்பனை அல்ல. மாதவிலக்கு நிஜமாகவே நிற்கும். மார்பு கனக்கும்; சிலருக்குப் பாலே சுரக்கும். எடை கூடும். வாந்தி வரும். வயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாகும். பிரசவ வலியும் வரும். பிள்ளை ஒன்றுதான் இருக்காது.

எப்படி? நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. பசி, தூக்கம், பயம், துக்கம் எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அதன் கீழே பிட்யூட்டரி சுரப்பி. மாதவிலக்கை நடத்துவது இந்த இரண்டும்தான். பரீட்சைக் கவலையில் பெண் பிள்ளைக்கு மாதவிலக்குத் தள்ளிப்போவதை எல்லாத் தாய்மார்களும் பார்த்திருப்பீர்கள். மனத்தின் பாரம் உடம்பின் கடிகாரத்தை நிறுத்தும் என்பதற்கு அதுவே சான்று. ஆழ்ந்த ஏக்கமும் துக்கமும் நீடிக்கும்போது சில பெண்களுக்கு இந்தச் சுரப்பிகளின் கணக்கு மாறிவிடுகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறுவதில்லை; ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுகிறது.

வயிறு? வாயு, மலச்சிக்கல், சேர்ந்த கொழுப்பு எல்லாம் ஒரு பங்கு. தன்னை அறியாமல் முதுகை வளைத்து, உதரவிதானத்தைக் கீழே தள்ளி, வயிற்றை முன்னால் நிறுத்துவது இன்னொரு பங்கு. மயக்க மருந்து கொடுத்ததும் தசைகள் தளர்ந்து இந்த வயிறு தட்டையாகிவிடுவதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். நிறை மாதக் கர்ப்பிணிக்குத் தொப்புள் வெளியே தள்ளி வரும். பொய்க் கர்ப்பத்தில் பெரும்பாலும் உள்வாங்கியே இருக்கும். குழந்தை உதைப்பது போலத் தெரிவது குடலின் அசைவும் வயிற்றுத் தசையின் துடிப்பும். என் அம்மாவின் கைக்குத் தெரிந்ததும் அதுதான். எதிர்பார்த்து வைத்த கைக்கு எல்லா அசைவும் உதையாகத்தான் தெரியும்.

அதன் பிறகு இது ஒரு சக்கரமாகச் சுழலும். நாள் தள்ளியதும் நம்பிக்கை வருகிறது. நம்பிக்கை வந்ததும் வீட்டார் நல்ல சாப்பாடு கொடுத்து உட்கார வைக்கிறார்கள். எடை கூடுகிறது. வயிறு தெரிகிறது. பார்ப்பவர்கள் வாழ்த்துகிறார்கள். நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது. சில வாரங்களில் அடங்கிவிடுவதும் உண்டு. ஒன்பது மாதம் நீடிப்பதும் உண்டு. அதற்கு மேல் போனவர்களும் உண்டு.

நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். பருவம் முடிந்து சில வாரங்கள் கழித்து, சேராத பெட்டை நாய்க்கும் மடி கனத்துப் பால் வருவதுண்டு. பொம்மையை வாயில் கவ்விக் கொண்டுபோய்க் குட்டி போலக் காவல் காக்கும். அது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது; மனத் துயரத்தால் அல்ல. ஆனாலும் அந்த நாயை யாரும் பொய்க்காரி என்பதில்லை.

அரண்மனையில் காலியாக நின்ற தொட்டில்

குழாயடிப் பெண்ணுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே பேர்போன பொய்க் கர்ப்பம் இங்கிலாந்தின் அரசி முதலாம் மேரியுடையது.

மேரியின் தாய் கேத்தரினுக்குக் குறைப் பிரசவமும் பிள்ளைச் சாவும் பல. ஆண் வாரிசு இல்லை என்பதற்காகவே கணவர் எட்டாம் ஹென்றி அவரை விலக்கினார். அதைப் பார்த்து வளர்ந்தவர் மேரி. 1554 ஜூலையில், தம் 38-ஆம் வயதில், ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணந்தார். சில மாதங்களில் மாதவிலக்கு நின்றது. வயிறு பெரிதாயிற்று. குழந்தை அசைவதாகவும் உணர்ந்தார். 1555 ஏப்ரலில் பிரசவத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குள் போனார். தொட்டில் தயார். வெளிநாட்டு அரசர்களுக்கு அனுப்ப, தேதியை மட்டும் விட்டுவிட்டுப் பிறப்புச் செய்திக் கடிதங்களும் தயார். ஏப்ரல் 30 அன்று பிள்ளை பிறந்துவிட்டது என்ற வதந்தியில் லண்டனில் மணி அடித்துக் கொண்டாடினார்கள்.

மே போயிற்று. ஜூன் போயிற்று. மருத்துவர்கள் நாள் கணக்குத் தவறிவிட்டது என்றார்கள். ஜூலையும் போயிற்று. ஆகஸ்டு தொடக்கத்தில் அரசி ஒன்றும் சொல்லாமல் வேறு அரண்மனைக்குப் போனார். அதோடு அந்தக் கர்ப்பப் பேச்சு முடிந்தது. பிலிப்பும் கடல் கடந்து போய்விட்டார். 1558-இல் மறுபடியும் கர்ப்பம் என்று நம்பினார். அந்த மார்ச்சில் எழுதிய உயிலில் பிறக்கப்போகும் வாரிசைக் குறிப்பிடுகிறார். அதுவும் பொய்த்தது. அதே ஆண்டு நவம்பர் 17-இல் தம் 42-ஆம் வயதில் இறந்தார். அவருக்குக் கர்ப்பப்பையிலோ சூலகத்திலோ நோய் இருந்திருக்கலாம், பிட்யூட்டரியில் கட்டி இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள்.

நாடே வாரிசு கேட்ட பெண் அவர். வட்டாரமே விசேஷம் கேட்ட பெண் எங்கள் அக்கா. ராணிக்கும் அக்காவுக்கும் இருந்த பாரம் ஒன்றேதான்.

யாருக்கு வருகிறது?

1937-இல் அமெரிக்காவில் பிவின், கிளிங்கர் என்ற இருவர் மருத்துவ ஏடுகளைத் தேடி 444 பெண்களின் விவரங்களைத் திரட்டி ஒரு புத்தகமே எழுதினார்கள். பரிசோதனைகள் பெருகிய பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் இன்று 22,000 பிரசவங்களுக்கு 1 முதல் 6 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிள்ளை பெற்றால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்ற எண்ணம் வலுவாக இருக்கும் சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

நீண்ட நாள் குழந்தை இல்லாத ஏக்கம் முதல் காரணம். கருச்சிதைவு, பிறந்த பிள்ளையை இழந்த துக்கம், கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வேதனை, மாதவிலக்கு நிற்கும் வயது ஆகியவையும் காரணமாகலாம். கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பெரும் பயத்திலும் வரும். கணவன் விலகிவிடுவான், வேறு கல்யாணம் செய்துவிடுவார்கள் என்ற அச்சம், வீட்டில் வன்முறை, பேச ஆளில்லாத தனிமை, மனச்சோர்வு இவை எல்லாம் சேரும்போது ஆபத்து அதிகம். சொந்த ஊரையும் தாயையும் விட்டு வெளியூரில் நாலு சுவருக்குள் இருக்கும் நம் இளம் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

உடம்பு சார்ந்த காரணங்களும் உண்டு. பிட்யூட்டரிக் கட்டி, தைராய்டு குறைவு, மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை புரோலாக்டினைக் கூட்டி மாதவிலக்கை நிறுத்தும். ஏற்கெனவே ஏங்கியிருக்கும் மனம் அதைக் கர்ப்பம் என்று படித்துக்கொள்ளும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. உடம்பில் எந்த அடையாளமும் இல்லாமலே, தான் கர்ப்பம் என்று அசைக்க முடியாமல் நம்புவது வேறொரு தீவிர மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். தெரிந்தே பொய் சொல்வது இன்னொன்று. பொய்க் கர்ப்பக்காரி இந்த இரண்டிலும் சேராதவள். அவள் தன் உடம்பை நம்பினாள். அவ்வளவுதான்.

வயிற்றுக்குள் என்ன என்று தெரிந்துகொள்ள

நாள் தள்ளிப்போனால் வீட்டிலேயே சிறுநீர்ப் பட்டையில் சோதிக்கலாம். கரு உருவானால் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சிறுநீரில் வரும். பொய்க் கர்ப்பத்தில் அது வராது. ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்தும் கோடு விழவில்லை, மாதவிலக்கும் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழுவினர் 1958-இல் வெளியிட்ட ஆய்வோடு வயிற்றுக்குள் ஒலியலையால் பார்க்கும் முறை மருத்துவத்துக்குள் வந்தது. இன்று ஆறு, ஏழு வாரத்திலேயே சிசுவின் இதயத் துடிப்பை ஸ்கேனில் காணலாம். ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குழந்தை இருக்கிறதா என்று பார்க்க எந்தத் தடையும் இல்லை.

கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடக் கூடாது. சூலகக் கட்டி, கர்ப்பப்பைக் கட்டி, வயிற்றில் நீர்கோத்தல் ஆகியவையும் வயிற்றைப் பெரிதாக்கும். சோதனையில் கோடு விழுந்தும் உருவான பிள்ளை இல்லாத முத்துப்பிள்ளைக் கர்ப்பம், குழாயில் தங்கிய கர்ப்பம் ஆகியவை உயிருக்கே ஆபத்தானவை. ஆகவே, "எல்லாம் மனசுதான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

நாற்பது வருஷம் கழித்து

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் குடியிருப்புக்குத் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர் சம்மதத்தோடு, அடையாளத்தை மாற்றி இதை எழுதுகிறேன். இரண்டு முறை கருக்கலைந்த பெண். ஊரிலிருந்து மாமியார் தினமும் போன் செய்வார். ஒரு நாள் அந்தப் பெண்ணின் கணவர் வந்து, "ஆன்ட்டி, அஞ்சு மாசம்ங்கிறா. மூணு தடவை டெஸ்ட் பண்ணிட்டோம், ஒண்ணும் வரல. ஸ்கேனுக்கு வர மாட்டேங்கிறா. ஆனா வயிறு தெரியுது. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இல்லை என்று வாதாடவில்லை. "போன ரெண்டு தடவையும் ஸ்கேன் ரூமில்தானே கெட்ட சேதி கேட்டாய்? அதனால்தானே பயம்?" என்றேன். வெகு நேரம் அழுதாள். பிறகு, "நீங்க கூட வந்தா வர்றேன்" என்றாள்.

அந்த டாக்டர் அம்மாவை நான் மறக்க மாட்டேன். கணவரையும் என்னையும் மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். திரையை அவள் பக்கம் திருப்பி, கர்ப்பப்பையைக் காட்டி, மெதுவாகச் சொன்னார்: "உனக்கு வந்த வாந்தி நிஜம். மார்வலி நிஜம். நீ எதையும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே குழந்தை இல்லையம்மா. உன் உடம்பு ஏன் இப்படிச் செய்தது என்று நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம்." எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அந்த 1979-ஆம் வருஷத்து ராத்திரி ஞாபகம் வந்தது. நான் அங்கே இருந்ததில்லை, அம்மா சொன்னதுதான். ஆனாலும் ஞாபகம் வந்தது.

தைராய்டு, புரோலாக்டின் எல்லாம் பார்த்தார்கள். மனநல ஆலோசனைக்கும் அனுப்பினார்கள். அங்கே அவள் கலைந்துபோன இரண்டு குழந்தைகளுக்காக முதல் முறையாக வாய் விட்டு அழுதாளாம். அதுவரை யாரும் அதை ஒரு சாவாகவே எண்ணி அழ விடவில்லை. சில வாரங்களில் மாதவிலக்கு வந்தது; வயிறும் வடிந்தது. மாமியாரோடு கணவரே பேசினார். அவள் வேலைக்குப் போய் வருகிறாள். பிள்ளை பிறந்ததா என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டாம் என்கிறேன்.

நாம் செய்யக்கூடியது

வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால், அவள் சொல்வதை மறுத்துச் சண்டை போடாதீர்கள். ஆமாம் என்று தலையாட்டி வளர்க்கவும் செய்யாதீர்கள். கூடவே மருத்துவரிடம் போங்கள். செய்தியைத் தனி அறையில், அவள் நம்பும் ஒருவர் அருகில் இருக்கச் சொல்லச் செய்யுங்கள். உண்மையைச் சொல்லிய அன்றிரவு அவளைத் தனியாக விடாதீர்கள்; இழந்தது அவளைப் பொறுத்தவரை ஒரு குழந்தை. உண்மை தெரிந்த பின் சிலருக்கு மனச்சோர்வு கடுமையாகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூட வரலாம்.

நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. கர்ப்பம், பிரசவம் சார்ந்த மனநலத்துக்கு அங்கே தனிச் சேவை உண்டு. தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் வார்டை 2009-இல் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதைப் பைத்தியம் என்று சொல்லும் வழக்கத்தை இனியாவது விட்டுவிடுவோம்.

கடைசியாக ஒன்று. பொங்கல் விழாவிலும் நம் சங்கக் கூட்டத்திலும் புதிதாகக் கல்யாணமான பெண்ணைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வருவது, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பதுதான். அன்பாகத்தான் கேட்கிறோம். குழாயடியில் கேட்டவர்களும் அன்பாகத்தான் கேட்டார்கள். அதற்குப் பதிலாக, "நல்லா இருக்கியாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

தருமபுரி அக்காவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்கே இருக்கிறாரோ தெரியாது. குடத்தோடு என் பின்னால் நின்ற அன்று நான் ஓடிப் போய்விட்டேன். இந்த இதழ் யார் கையிலாவது போய், யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், அன்றைக்கு ஓடிப்போன பெண் மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லுங்கள்.